மகளின் அறையில் நான் கண்டெடுத்த அட்டை

வெங்காயம் இருந்த காலத்தில் அந்த அறை ஒழுங்காகத்தான் இருந்தது. பிடிபிடியாகக் கட்டி கூரை வளையில் வரிசையாகத் தொங்கவிட்டால் அடுத்த போகம் வரை ஒரு பிடிகூட இடம் மாறாது. மகளுக்குப் பதினான்கு வயதானதும், வளர்ந்த பிள்ளைக்குத் தனி அறை வேண்டும் என்று என் கணவர் வெங்காயத்தை எல்லாம் பின்கொட்டிலுக்கு மாற்றினார். அவள் கேட்ட நாவற்பழ நிறத்தைச் சுவருக்குப் பூசி, அறையை அவளிடம் ஒப்படைத்தார். அன்றோடு போயிற்று அந்த அறையின் சீர்.

நான் சொல்வதை மிகை என்று நினைப்பவர்கள் எங்கள் ஊர் சரவணைக்கு ஒருமுறை வந்து பார்க்கலாம். கட்டிலில் தோய்த்த உடுப்பும் தோய்க்காத உடுப்பும் ஒரே மலையாகக் கிடக்கும். எது எது என்று மணந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். ஈரத் துவாய் புத்தகத்துக்கு மேலே, புத்தகம் தலையணைக்குக் கீழே, தலையணை நிலத்தில். கதிரை ஒன்று உண்டு. ஆனால் அதில் அவள் இருந்ததை நான் கண்டதில்லை, பாடசாலைப் பைதான் இருக்கும். மேசையில் எறும்பு மொய்த்த தேத்தண்ணிக் கோப்பை மூன்று, பாதி தின்ற மிக்சர் பை, நகப்பூச்சு, ஒற்றைச் செருப்பு. மேசையில் செருப்புக்கு என்ன வேலை? கேட்டால், அறுந்த வாரை ஒட்ட வைத்தனான் என்பாள். எப்போது ஒட்டுவாய் என்று கேட்டால் நாளைக்கு என்பாள்.

இதில் எனக்கு இன்னொரு அவமானமும் உண்டு. நான் பிரதேச சபை வாசிகசாலையில் வேலை செய்கிறேன். ஒரு புத்தகம் தன் இடத்தில் இல்லை என்றால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. வாசகர்களுக்கு, எடுத்ததை எடுத்த இடத்தில் வையுங்கோ என்று இருபது வருடமாகப் படிப்பிக்கிறேன். ஊருக்குத்தான் உபதேசம். என் வீட்டில் மூதேவி அறை எடுத்துக் குடியிருந்தாள்.

நான் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. முதலில் ஏசினேன். பிறகு, கூடைக்குள் போடாத உடுப்பைத் தோய்க்க மாட்டேன் என்று வேலைநிறுத்தம் செய்தேன். அவள் தகப்பனின் சாரத்தையும் வெளியூரில் படிக்கும் தமையனின் பழைய ரீசேட்டையும் போட்டுக்கொண்டு இரண்டு கிழமை உல்லாசமாகத் திரிந்தாள். தோற்றது நான்தான். ரொறன்ரோவில் இருக்கும் என் தங்கையிடம் வீடியோவில் காட்டினேன், சித்தி சொன்னாலாவது கேட்பாள் என்று. தங்கை தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் மகனின் அறையைக் காட்டினாள். அங்கே கதவே முழுக்கத் திறபடவில்லை. உள்ளே போவதென்றால் தட்டி அனுமதி கேட்டுத்தான் போகவேண்டுமாம். பெற்ற பிள்ளையிடம் அனுமதியா என்று எனக்குக் கோபம் ஏறிவிட்டது.

என் கணவருக்கு இதில் எல்லாம் கோபமே வராது. புகையிலையும் வெங்காயமும் செய்கிற மனிதர், எதற்கும் மழையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நிற்பார். முளைக்கத் தொடங்கின வெங்காயம் கட்டுக்குள்ள நிக்காது, விடுமப்பா என்பார். உங்கட செல்லம்தான் அவளைக் கெடுக்குது என்பேன் நான். ஓம் என்பார். அந்த ஓமோடு சண்டை பிடிக்க யாரால் ஏலும்?

பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சைக்கு ஒரு மாதம் இருந்தபோது எங்கள் இருவருக்கும் அவர் ஓர் உடன்படிக்கை எழுதாமல் எழுதித் தந்தார். பரீட்சை முடியும் வரை நான் அந்த அறைக்குள் போகக்கூடாது, எதையும் தொடக்கூடாது. பதிலுக்கு அவள் கோப்பைகளை அன்றன்றே குசினிக்குக் கொண்டுவர வேண்டும். மகள் உடனே சம்மதித்தாள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்தேன். பிள்ளை படிக்கிறாள், அது உண்மை. நிலத்தில் பரப்பிக் கிடந்த கடந்தகால வினாத்தாள்களுக்கு நடுவில் குப்புறப் படுத்துக்கொண்டு படிப்பாள். கணிதம்தான் அவளுக்கு உதைக்கும். அதற்காகவே அதிகாலையில் எழும்புவாள்.

மூன்று கிழமைக்கு மேலாக நான் சொல்லுத் தவறவில்லை. பரீட்சைக்கு மூன்று நாள் இருக்கையில், அவள் ரியூசனுக்குப் போயிருந்த ஒரு பின்னேரம், திடீரென்று மழை கொட்டியது. முற்றத்தில் காயப் போட்ட செத்தல் மிளகாய் ஒருபக்கம், கொடியில் உடுப்பு ஒருபக்கம், அவள் அறை ஜன்னல் ஆவென்று திறந்தபடி. ஜன்னலைச் சாத்தத்தான் உள்ளே ஓடினேன், சத்தியமாக வேறொன்றுக்கும் இல்லை. ஜன்னல் கட்டு மட்டும் அந்த அறையிலேயே துடைத்து வைத்ததுபோல் இருந்தது. இரண்டு பேனை, அடிமட்டம், கொம்பாஸ் பெட்டி. பெட்டிக்குக் கீழே ஒரு பிளாஸ்ரிக் உறைக்குள் அவளுடைய அடையாள அட்டையும் பரீட்சை அனுமதி அட்டையும். உறையின் ஓரத்தில் சாரல் படத் தொடங்கியிருந்தது.

எங்கள் பத்திரப்பையைப் பற்றி இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். சாமி அறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பச்சை றெக்சின் பை தொங்குகிறது. காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், கலியாணப் பதிவு, வங்கிப் புத்தகம் எல்லாம் அதற்குள். என் வயதுக்காரரின் வீடுகளில் இப்படி ஒரு பை இல்லாத வீடு இந்தப் பக்கம் அரிது. சண்டை வந்து எங்கள் தீவை விட்டு வெளிக்கிட்டபோது எனக்குப் பதின்மூன்று வயது. அம்மா அடுப்பில் கொதித்த சோற்றை விட்டார், ஆடுகளை அவிழ்த்துவிட்டார், பையை மட்டும் என் தோளில் மாட்டினார். நீ விழுந்தாலும் பை விழக்கூடாது என்றார். பிறகு இருந்த ஏழு வீடுகளிலும் அதைத் தலைமாட்டில் வைத்துத்தான் படுத்தேன். பத்திரத்தைத் தொலைத்த சனங்கள், தாங்கள் இன்னாருடைய பிள்ளை என்று நிரூபிக்க எத்தனை அரசாங்கக் கந்தோர் ஏறி இறங்கினார்கள் என்று பார்த்தவள் நான். அதனால் முக்கியமான கடதாசி ஒன்றைக் கண்டால் என் கை தலையிடம் கேட்காது, எடுத்துக்கொண்டு போய் அந்தப் பைக்குள் போட்டுவிடும்.

அன்றும் அதுதான் நடந்தது. உறையைச் சேலைத் தலைப்பால் துடைத்தேன், பைக்குள் போட்டேன், மிளகாயை அள்ள முற்றத்துக்கு ஓடினேன். பெட்டியை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டேன். மிளகாயில் பாதி நனைந்துவிட்டது. அந்தக் கவலையிலும் கணவரோடு பிடித்த சண்டையிலும் அட்டை என் நினைவிலிருந்து துப்புரவாகப் போய்விட்டது. மகளுக்கும் பெட்டியைத் தூக்கிப் பார்க்க அவசியம் வரவில்லை. பரீட்சைக்கு வேண்டியதெல்லாம் தயார் என்று நிம்மதியாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

பரீட்சை நாள் காலை ஆறேகாலுக்கு அவள் அறையிலிருந்து, அம்மா, என்ர அட்டையைக் காணேல்லை என்று குரல் வந்தது. பெட்டிக்குக் கீழே வைத்தேன், இப்போது இல்லை என்றாள். எனக்குத் தலைக்குள் அடுப்பு மூண்டது. இரண்டு வருடமாக நான் சொன்னது நடந்துவிட்டதல்லவா? அடையாள அட்டை இல்லாமல் எந்த மண்டபத்தில் விடுவார்கள்? வருடக் கணக்காகப் படித்த படிப்பு ஒரு குப்பைக்குள் போய்விட்டது என்று கத்தினேன். பெட்டிக்குக் கீழே, பெட்டிக்குக் கீழே என்று அவள் கிளிப்பிள்ளை மாதிரிச் சொல்லிக்கொண்டே நின்றாள். இந்தக் குப்பைக்குள் உனக்குப் பெட்டி எது, அதன் கீழ் எது என்று தெரியுமோ என்று கேட்டேன். அதன் பிறகு நான் செய்ததைக் காணப் பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். அறையில் இருந்த அத்தனை சாமானையும் முற்றத்துக்கு இழுத்துப் போட்டேன். உடுப்பு மலை, புத்தகம், பெட்டிகள், பாய். கணவர் மெத்தையைத் தலையில் சுமந்துகொண்டு வந்தார். குசினியில் காணாமற்போன நாலு கரண்டி கிடைத்தது, தமையனின் கைக்கடிகாரம் கிடைத்தது. அட்டை மட்டும் கிடைக்கவில்லை. மகள் முற்றத்தில் குந்தியிருந்து அழுதுகொண்டே ஒவ்வொரு கொப்பியாக உதறினாள்.

ஏழு மணி தாண்டியது. கணவர் மெத்தையை மாமரத்தில் சாத்திவிட்டு, கிராம சேவகரின் வீட்டுக்குப் போய் ஒரு கடிதம் வாங்கினால் விடுவார்களாக்கும், பிறப்புப் பதிவை எடுத்துவாரும் என்றார். பிறப்புப் பதிவு எங்கே இருக்கிறது? சாமி அறைக்குப் போனேன். ஆணியிலிருந்து பையை எடுத்தேன். திறந்தேன். எல்லாவற்றுக்கும் மேலே, பிளாஸ்ரிக் உறைக்குள் இருந்து என் மகளின் முகம் என்னைப் பார்த்தது.

மழை, சாரல், சேலைத் தலைப்பு எல்லாம் ஒரேயடியாக நினைவுக்கு வந்தன. வெளியே போய், பிள்ளை நான்தான் எடுத்தனான் என்று சொல்வதற்கு எத்தனை நேரம் ஆகும்? ஆனால் ஜன்னலால் முற்றம் தெரிந்தது. அங்கே பரவிக் கிடந்த வீடும், வேலிக்கு மேலே தெரிந்த அயலவர் தலைகளும், அரை மணித்தியாலமாக நான் கத்திய கத்தும்! உறையைச் சேலைக்குள் சொருகிக்கொண்டு போய், கொப்பிக் குவியலுக்குப் பக்கத்தில் குனிந்து இரண்டு கொப்பியைப் புரட்டினேன்.

"இந்தா கிடக்கு. சித்திரக் கொப்பிக்குள்ள கிடக்கு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதோடு விடாமல், இனியாவது புத்தி வருமோ என்றும் கேட்டேன். மகள் அட்டையைப் பார்த்தாள், கொப்பியைப் பார்த்தாள். நான் அதுக்குள்ள வைக்கேல்லையே என்று மெல்லச் சொன்னாள். பிறகு முகம் கழுவி, தகப்பனின் மோட்டார் சைக்கிளில் ஏறி வேலணையில் இருந்த பரீட்சை மண்டபத்துக்குப் போனாள். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

அன்று வாசிகசாலையில் சமையல் புத்தகங்களைச் சோதிடத்தோடு அடுக்கிவிட்டேன். நடந்தது நன்மைக்குத்தான், பிள்ளை திருந்துவாள் என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். நியாயம் கேட்க நன்றாகத்தான் இருந்தது. பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது திகைத்துப் போனேன். பரீட்சை முடிந்து வந்தவள் சோறுகூடத் தின்னாமல் முற்றத்தில் கிடந்ததை எல்லாம் உள்ளே எடுத்து அடுக்கியிருந்தாள். உடுப்பு அலுமாரிக்குள் மடித்து, புத்தகங்கள் உயரப்படி நிறுத்தி, கட்டிலில் சுருக்கமில்லாத விரிப்பு. வெங்காயம் தொங்கிய காலத்தில்கூட அந்த அறை அவ்வளவு நேர்த்தியாக இருந்ததில்லை. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. படம் எடுத்துத் தங்கைக்கு அனுப்பினேன். அவள் உடனே மூன்று கும்பிடு போட்டு, எப்படிச் செய்தாய், எனக்கும் சொல்லு என்று எழுதினாள். நான் பதில் எழுதத் தொடங்கினேன்.

அப்போது மகள் வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"அம்மா, எனக்கும் உங்கட பை மாதிரி ஒரு பை தாங்கோ. முக்கியமானதை எல்லாம் அதுக்குள்ள போட்டுக் கதவடியில வைக்கப் போறன். என்ர மண்டையை இனி நம்பேலாது."

எதற்கு அப்படிச் சொல்லுகிறாய் என்று கேட்டேன். பெட்டிக்குக் கீழே வைத்ததைத் தன் கண்ணால் கண்டதுபோல் நினைவு இருந்ததாம், அதுவே பிழைத்துப் போனதாம். அதனால் சமய வினாத்தாளில் ஆறு கேள்விக்கு முதலில் போட்ட விடையை மாற்றிவிட்டாள். நிச்சயமாகத் தெரிந்த விடைகள். நிச்சயம் என்று தோன்றியதே அவளைப் பயமுறுத்தியிருக்கிறது. வெளியே வந்து சிநேகிதிகளிடம் கேட்டால் ஆறும் முதல் போட்டதுதான் சரியாம். நாளன்றைக்குக் கணிதம், அதில் என்ன செய்யப் போகிறேனோ தெரியாது என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

பதின்மூன்று வயதில் பையைச் சுமந்தது நான். இவள் கண்ட இடத்தில் கண்டதைப் போட்டுவிட்டுப் பயமில்லாமல் நித்திரை கொள்கிற பிள்ளை. ஓடு என்று யாரும் இவளிடம் சொன்னதில்லை. அந்தப் பிள்ளையைக் கதவடியில் பை வைக்கப் பண்ணியது எந்தச் சண்டையும் இல்லை, நான். என் மானத்தைக் காப்பாற்ற அவளுடைய மண்டையை அவளே நம்பாமல் பண்ணிவிட்டேன். ஒருநாள் வெட்கத்துக்கு இது எவ்வளவு பெரிய விலை!

தொலைபேசியைக் கீழே வைத்தேன்.

"பிள்ளை, நீ பெட்டிக்குக் கீழதான் வைச்சனி. மழைக்குள்ள நான்தான் எடுத்துப் பைக்குள்ள போட்டனான். போட்டிட்டு மறந்து போனன்."

"சித்திரக் கொப்பிக்குள்ள?"

"அது பொய். வெக்கத்தில சொன்ன பொய்."

கட்டிலின் விளிம்பில் மெல்ல இருந்தாள். நான் அடி வாங்கத் தயாரானவள்போல் நின்றேன். ஏன் என்று கேட்பாள், கத்துவாள், உடன்படிக்கையை மீறினீர்கள் என்று தகப்பனைக் கூப்பிடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

"அப்ப நான் மறக்கேல்லை, என்ன?"

இல்லை பிள்ளை, நீ மறக்கேல்லை என்றேன். இன்னொருமுறை கேட்டாள், இன்னொருமுறை சொன்னேன். அவள் முகத்தில் இரத்தம் திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது, வந்தது சும்மா வரவில்லை. என் படிப்பே குப்பைக்குள் போய்விட்டது என்றீர்களே, வேலியால் எட்டிப் பார்த்தவர்களுக்கு முன்னால் இனியாவது புத்தி வருமோ என்றீர்களே என்று காலையில் நான் சொன்னதை எல்லாம் ஒரு சொல் விடாமல் எனக்குத் திருப்பிச் சொன்னாள். அவளுடைய ஞாபகசக்தியில் குறை ஒன்றும் இல்லை என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். குனிந்ததில் உள்ளுக்குள் சிரிப்பும் வந்தது, பிள்ளை பழையபடி ஆகிவிட்டாளே என்று.

தண்டனையையும் அவளே விதித்தாள். ரொறன்ரோவுக்கு வீடியோவில் எடுத்து, நடந்ததை என் வாயாலேயே சித்திக்குச் சொல்ல வேண்டும். அடுத்த நாள் காலை, வேலியடியில் நின்று பக்கத்து வீட்டுக்காரிக்கும் சொல்ல வேண்டும். தங்கை கதிரையிலிருந்து விழ விழச் சிரித்தாள். பக்கத்து வீட்டுக்காரி சிரிக்கவில்லை, தன் பைக்குள்ளும் பேரனின் கடவுச்சீட்டு கிடக்கிறதோ பார்க்கவேண்டும் என்று அவசரமாக உள்ளே போனாள். என் கணவருக்குச் சொன்னபோது, எனக்குத் தெரியும், சாமி அறையால வரேக்க உம்மட நடை சரியில்லை என்றார். தெரிந்தும் ஏன் பேசாமல் இருந்தீர்கள் என்று அவர்மேல் பாய்ந்தேன். நீராய்ச் சொல்லுவீர் எண்டு பாத்தனான் என்றார்.

பை கொடுக்கவில்லை. அவளும் பிறகு கேட்கவில்லை. அன்றிரவே கட்டில் விரிப்புச் சுருங்கிவிட்டது, மறுநாள் விடிகையில் வினாத்தாள்கள் நிலத்துக்கு வந்துவிட்டன, ஒரு கோப்பைக்கு எறும்பும் வந்துவிட்டது. நான் வாசலில் நின்று பார்த்தேன். கை துருதுருத்தது, உண்மையைச் சொல்ல வேண்டும். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு குசினிக்குப் போனேன்.

கணிதப் பரீட்சை அன்று எனக்கு வாசிகசாலையில் இருப்புக் கொள்ளவில்லை. அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து வாசல் படலையடியில் நின்றேன். வெயிலில் முகம் சிவந்து, குடை இருந்தும் விரிக்காமல் வந்தாள். பாடசாலைப் பையை என் கையில் திணித்தாள்.

"ஒண்டையும் மாத்தேல்லை அம்மா. எனக்கு எது வந்துதோ அதை எழுதிப்போட்டு வந்தனான்."

எத்தனை சரி, எத்தனை பிழை என்று நான் கேட்கவில்லை.